மேஸ்திரி ஓ.கே. போட்ட ஃபேன்

அன்றைக்கு ஷெட்டில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தகராறு வருவதே இதில்தான். ஹெட் மெக்கானிக் அருள்தாஸ் இருந்தார். எங்கள் எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. எலக்ட்ரீஷியன் முத்துக்குமார் இருந்தான். காரின் சொந்தக்காரரும் டிரைவருமான எத்திராஜ் இருந்தார். கன்னியப்பன் என்கிற நான் இருந்தேன். ஐந்தாவது ஆள், எதிரில் டீக்கடை வைத்திருந்த பாக்கியம். பாக்கியத்தின் வலது கால் ஷெட்டுக்கு உள்ளே இருந்தது, இடது கால் வெளியே இருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். மேஸ்திரி மட்டும் இரண்டு காலும் வெளியேதான் இருந்தன என்று இன்றுவரை சாதிக்கிறார்.

இதை எழுத வைத்தவன் எத்திராஜின் மகன். அவன் இப்போது பேட்டரி கார்களாக வாங்கி டிராவல்ஸ் நடத்துகிறான். போன மாதம் என்னை ஒரு காரில் ஏற்றிக்கொண்டு போனான். வீட்டு வாசலில் நிறுத்தி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இறங்கினோம். முன்பக்கம் 'உய்ய்ய்' என்று ஒரு சத்தம் வந்தது. நான் எகிறிப் பக்கத்து வீட்டுக் கோலத்தில் போய் நின்றேன்.

"மாமா, ஃபேன் மாமா! இஞ்சினே இல்லாத வண்டி. அதுக்குக்கூட பயப்படுறியே!" என்று சிரித்தான். பிறகு, "அப்பா சொல்லுவாரே, அந்த விபூதி மேட்டரு, அதை எழுதிக் குடு மாமா. நம்ம டிரைவருங்க படிக்கட்டும்" என்றான்.

நான் படித்தது ஏழாவதுவரை. கணக்கு வாத்தியாருக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பயந்து ஓடியவன் போய்ச் சேர்ந்த இடமோ, நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றுகிற தகரப் பட்டைகளுக்கு நடுவே. பயப்படுவது எனக்கு ஷிப்ட் வேலை மாதிரி. மெக்கானிக் வேலை அதற்கு மேல் பார்த்த ஓ.டி. தாம்பரத்தில் ஒரு பட்டறையில் ஜீப்பும் அம்பாசிடரும் பிரித்து மாட்டக் கற்றேன். அதில் சொல்ல அதிகமில்லை. திட்டு வாங்கினேன், கிரீஸ் பூசிக்கொண்டேன், கல்யாணமும் ஆனது. தொண்ணூறுகளின் கடைசியில், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்தபோது, கம்பெனிக்கு ஓடும் வேன்களையும் கார்களையும் பார்த்துக்கொள்ள ஒரு ஷெட் போட்டார்கள். அதில் சேர்ந்தேன்.

ஃபேன் விஷயத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இஞ்சின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு முன்னால் இருக்கிற ரேடியேட்டருக்கு வரும். அங்கே காற்றுப் பட்டு ஆறி, மறுபடி இஞ்சினுக்குப் போகும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே போதும். நிற்கும்போதும் நெரிசலில் ஊரும்போதும் காற்றை உள்ளே இழுக்க ஒரு ஃபேன் வேண்டும். பழைய வண்டிகளில் அந்த ஃபேனை இஞ்சினோடு பெல்ட் போட்டுக் கட்டியிருப்பார்கள். இஞ்சின் சுற்றினால் அது சுற்றும். இஞ்சின் நின்றால் நிற்கும். மார்கழிப் பனியிலும் சுற்றும், அக்னி நட்சத்திரத்திலும் சுற்றும். புது வண்டிகளில் வந்தது கரண்ட் ஃபேன். தண்ணீர் சூடானதும் ஒரு சுவிட்ச் அதைத் தட்டி எழுப்பும். ஆறியதும் அதுவே படுத்துக்கொள்ளும்.

மேஸ்திரிக்கு இந்தப் புது ஃபேனைக் கண்டாலே ஆகாது.

"பெல்ட் ஃபேன் இன்னா தெரியுமாடா? காலைல கார்டு பஞ்ச் பண்ணிட்டு ஷிப்டு முடியற வரைக்கும் நிக்கிற தொழிலாளி. இது ஆபீசரு. சூடு வந்து கதவைத் தட்டினாத்தான் எய்ந்திருப்பாரு" என்பார்.

"அதனாலதான் மேஸ்திரி டீசல் மிச்சமாவுது. வேலையில்லாத நேரம் சும்மா சுத்துதவனுக்குச் சம்பளம் எதுக்கு?" என்பான் முத்துக்குமார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் ஒரே அறையில் ஊர்க்காரர்கள் ஆறு பேரோடு தங்கியிருந்தான்.

"டேய், நீயே ராத்திரி ஷிப்டுல தூங்கறவன். உனக்கு அந்த ஃபேன்தான் புடிக்கும்."

எனக்கு இரண்டு ஃபேனும் பிடிக்காது. பெல்ட் ஃபேன் ஒரு நாள் என் தோளில் கிடந்த துண்டை இழுத்து நார் நாராக்கிக் கையில் கொடுத்தது. கழுத்தில் சுற்றியிருந்தால் என் கதி என்ன என்று ஒரு வாரம் யோசித்தேன். நான் யோசித்துப் புலம்பியதைப் பொறுக்க முடியாமல், வண்டி நிறுத்தும் இடங்களில் முன்பக்கம் தரையில் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார் மேஸ்திரி. வண்டிகளைச் சுவரைப் பார்க்க நிறுத்துவோம். இஞ்சின் ஓடும்போது கோட்டைத் தாண்டி மூக்குப் பக்கம் யாரும் போகக் கூடாது; மட்கார்டு பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும். முத்துக்குமார் அதற்குக் 'கன்னியப்பன் பார்டர்' என்று பெயர் வைத்தான்.

கரண்ட் ஃபேன் என்னை வேறு விதமாகப் பார்த்துக்கொண்டது. முதன்முதலாக அந்த மாதிரி வண்டி வந்தபோது, சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இனி பயமில்லை என்று ரேடியேட்டர் பக்கம் கையை விட்டேன். நின்ற இஞ்சினில் ஃபேன் தானாகக் கிளம்பியது. சுவிட்சுக்கு சூடுதான் கணக்கு, சாவி கணக்கில்லை என்று எனக்கு யார் சொன்னார்கள்? கையை இழுத்த வேகத்தில் தலை பானெட்டில் இடித்து, அதைத் தாங்கியிருந்த கம்பி நழுவி, பானெட் என் முதுகில் விழுந்தது.

"என்னண்ணே, பேயடிச்ச மாரி நிக்கிய? காத்தாடிதானே, கடிக்கவா செய்யும்?" என்று முத்துக்குமார் வந்து தூக்கிவிட்டான்.

அன்றிலிருந்து ஒரு விளக்கு மாற்றுவதானாலும் பேட்டரி கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் பானெட்டுக்குள் கையை விடுவேன். கழற்றிய பிறகும் ஒரு தரம் ஹாரன் அடித்துப் பார்ப்பேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும், பத்து விரலும் இருக்கின்றன.

மேஸ்திரியின் முறையைச் சொல்ல வேண்டும். வண்டி வந்ததும் பானெட்டைத் திறக்க மாட்டார். டிரைவரைக் கூப்பிட்டு, என்ன கோளாறு என்று கேட்பார். அவர் சொல்லி முடித்ததும், "சரி, மொதல்லேர்ந்து சொல்லு" என்பார். இரண்டாவது தடவை சொல்லும்போதுதான், தண்ணீர் ஊற்ற மறந்ததும் மச்சானிடம் வண்டியைக் கொடுத்ததும் வெளியே வரும். பிறகு வண்டியைச் சுற்றி ஒரு நடை. நீள ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் முனையை இஞ்சினில் வைத்துப் பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் யாராவது தும்மினால் முறைப்பார். வேலை முடிந்ததும் காதிடுக்கில் இருக்கிற சாக்பீஸை எடுத்து முன் டயரில் 'ஓ.கே.' என்று எழுதுவார். அந்த எழுத்து விழாமல் எந்த வண்டியும் ரோட்டுக்குப் போகாது.

இன்னொரு சட்டமும் அவர் போட்டதுதான்: டீ தண்டம். யார் வேலையிலாவது தப்பு கண்டுபிடிக்கப்பட்டால், கண்டுபிடிக்கிற அந்த நேரத்தில் ஷெட்டுக் கூரைக்குக் கீழே யார் யார் நிற்கிறார்களோ அத்தனை பேருக்கும் தப்பு செய்தவன் ஒரு டீயும் ஒரு வடையும் வாங்கித் தர வேண்டும். அவனுக்குக் கிடையாது. மற்றவர்கள் தின்பதை நின்று பார்க்க வேண்டும். நான் அதிகம் கட்டியிருக்கிறேன். முத்துக்குமார் என்னைவிட அதிகம். மேஸ்திரி ஒரு தடவைகூடக் கட்டியதில்லை. வடையை ஊதி ஊதி, "தப்பு பண்ணு, பண்ணு. உன் தப்புலதான் என் வவுறு ரொம்புது" என்பார்.

இனி எத்திராஜ். மணிமங்கலத்துக்காரர். தரகு வேலை, மீன் வேன், கல்யாண சமையலுக்குப் பாத்திரம் ஏற்றுவது என்று எதெதுவோ பார்த்துவிட்டு, பைனான்சில் கடன் போட்டு ஒரு டீசல் கார் வாங்கினார். அதை ஒரு கம்பெனியில் ஒப்பந்தத்துக்கு விட்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிற அதிகாரிகளை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வருவதும் கொண்டுபோய் விடுவதும் வேலை. மாதா மாதம் தவணை கட்ட அந்த ஒரு வழிதான். சம்சாரத்தின் தாலிச் சங்கிலி ஏற்கெனவே அடகில் இருந்தது.

அந்தக் காரில் ஃபேன் மோட்டார் இறுகிப்போனது. புதுசு வாங்க அவரிடம் காசில்லை. மேஸ்திரி புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்பி, நல்லதாக ஒரு பழைய மோட்டார் எடுத்துவரச் சொன்னார். மோட்டார் நல்லதுதான். ஆனால் எந்த வண்டியிலிருந்தோ வெட்டி எடுத்ததில் பிளக் இல்லை. எண்ணெய் ஊறிக் கறுத்த இரண்டு ஒயர்கள்தான் தொங்கின. முத்துக்குமார் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தான்.

"அவன் வர வரைக்கும் காத்துனு இருப்பாங்களா? ரெண்டே ரெண்டு ஒயரு. நானே அடிக்கிறேன்" என்று மேஸ்திரியே ஜாயிண்ட் போட்டார். அழகான ஜாயிண்ட். டேப் சுற்றியது பெண்பிள்ளைக்குச் சடை பின்னியது போல இருந்தது. கரண்ட் கொடுத்தோம். ஃபேன் சுற்றியது.

"சுத்துதா?"

"சுத்துது மேஸ்திரி."

டயரில் ஓ.கே. விழுந்தது.

மறுநாள் படப்பை மார்க்கெட் கூட்டத்தில் கார் கொதித்தது. முன்னால் வெண்புகை கிளம்பியதும், உள்ளே இருந்த வெளிநாட்டு அதிகாரி கதவைத் திறந்துகொண்டு ஓடி, எதிர்ப்பக்கம் தக்காளிக் கூடைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாராம். எத்திராஜ் அவரைக் கெஞ்சி எழுப்பி ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்.

காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். தண்ணீர் ஊற்றி, பானெட்டைத் திறந்து வைத்து இஞ்சினை ஓட விட்டோம். சூடு ஏறியது, ஃபேன் கிளம்பியது, சூடு காட்டுகிற முள் நடுவில் நின்றது. ஒரு மணி நேரம் ஓடியும் அசையவில்லை. ரேடியேட்டர் மூடியை மாற்றினோம். ஓ.கே. அடுத்த வாரம் தாம்பரம் சிக்னலில் கொதித்தது. திரும்ப வந்தது. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தோம், ரப்பர் குழாய்களை மாற்றினோம், வாட்டர் பம்பைப் பிரித்துப் பார்த்தோம். பானெட்டைத் திறந்து வைத்து ஓட்டினால் முள் சாமி மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

"அண்ணாத்த, இங்க நல்ல புள்ளையா கீது. ரோட்டுக்குப் போனா ராங் காட்டுது. உங்க கைல இன்னா மருந்து வச்சிக்கினு கீறீங்க?" என்று எத்திராஜ் அழாத குறையாகக் கேட்டார்.

முத்துக்குமார் ஊரிலிருந்து வந்ததும் ஃப்யூஸ், ரிலே, சுவிட்ச் எல்லாம் சோதித்தான். எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் தயங்கித் தயங்கி, "மேஸ்திரி, நீங்க அடிச்ச ஜாயிண்டையும் ஒரு தரம் பாத்துரட்டா?" என்றான்.

மேஸ்திரி ஸ்க்ரூ டிரைவரைக் காதிலிருந்து எடுத்தார். "நான் அடிச்ச ஜாயிண்டா?"

"சும்மா... இழுத்துப் பாக்கத்தான்."

"இயு. நல்லா இயு. கழண்டா என் பேரை மாத்திக்கிறேன்."

இழுத்தான். ஜாயிண்ட் கழலவில்லை, கார்தான் லேசாக ஆடியது. "சிங்கம் மேஸ்திரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எனக்குத் தூக்கம் போயிற்று. அடுத்தவர் காருக்கு நீ ஏன் விழித்திருக்கிறாய் என்று சம்சாரம் கேட்டாள். எத்திராஜின் தவணையை நான் கட்டப் போவதில்லைதான். ஆனால் அந்தக் கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் ஆபீசர் எத்திராஜைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை நடுரோட்டில் நின்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம், வேறு டிராவல்ஸ் பார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை விடியற்காலை ஏர்போர்ட்டில் அதே தக்காளிக் கூடை அதிகாரி வந்து இறங்குகிறார். அதுதான் கடைசி வாய்ப்பு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எத்திராஜ் பூஜை சாமான்களோடு வந்தார். மெக்கானிக்கால் ஆகவில்லை, சாமியால் ஆகட்டும் என்கிற முடிவுக்கு வந்திருந்தார்.

மேஸ்திரி வேதக்காரர். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர். ஆனால் ஆயுத பூஜைக்குப் பொரி கடலை பங்கு பிரிப்பதே அவர்தான். "செய்யி எத்திராஜு. நானும் நிக்கிறேன். எந்த சாமி காப்பாத்தினா இன்னா, தவணை கட்டணும்" என்றார்.

பூஜைக்கு வண்டி ரோட்டைப் பார்த்து இருக்க வேண்டும் என்று, காரைத் திருப்பி மூக்கு வாசல் பக்கம் வர நிறுத்தினோம். பெட்ரோல் பங்க்கில் டீசல் போட்டுக்கொண்டு அப்போதுதான் வந்த வண்டி, சூடாக இருந்தது. அணைத்தால் நல்ல நேரத்தில் திரும்பக் கிளம்பாமல் போனால் என்ன செய்வது என்று எத்திராஜ் இஞ்சினை அணைக்கவே இல்லை. பானெட்டைச் சாத்தி, அதன் மேல் மாலை போட்டார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். வாழைப்பழத்தில் ஊதுவத்தி குத்தி முன்னால் வைத்தார். நாங்கள் எல்லோரும் காருக்கு முன்னால் கைகட்டி நின்றோம். என் பார்டர் அந்தப் பக்கம் சுவரோரம் இருந்தது. வாசல் பக்கம் கோடு கிடையாது. நான் மட்டும் ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன். மேஸ்திரி மரியாதைக்காக நடுவில், காருக்கு நேர் எதிரே நின்றார். அவர் கையில் விபூதித் தட்டு. பாக்கியம் டீ தூக்கும் வடைப் பொட்டலமுமாக வந்து, வாசலில் ஒரு காலை உள்ளே வைத்து அப்படியே நின்றுவிட்டாள்.

எத்திராஜ் கற்பூரத்தை ஏற்றி, கண்ணில் நீர் முட்ட, காரின் மூக்குக்கு நேராகக் காட்டினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று.

உள்ளே ஃபேன் கிளம்பியது.

கற்பூரச் சுடர் எத்திராஜ் பக்கமாகச் சாய்ந்து, படக்கென்று அணைந்தது. அதே வேகத்தில் தட்டிலிருந்த விபூதி முழுவதும் எழும்பி மேஸ்திரி முகத்தில் அடித்தது. வெள்ளைச் சட்டை, மீசை, புருவம், காதிலிருந்த சாக்பீஸ் எதுவும் மிச்சமில்லை.

கற்பூரம் அணைவது எப்பேர்ப்பட்ட சகுனம்! எத்திராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அணஞ்சி போச்சே... என் பொயப்பு அணஞ்சி போச்சே..." எனக்கு அந்த ஒரு நொடியில் கார் ஜப்தி ஆகி, சங்கிலி ஏலத்துக்குப் போய், எத்திராஜ் மறுபடி மீன் வேன் ஓட்டுவதுவரை எல்லாம் தெரிந்துவிட்டது.

அப்போது பாக்கியம் சிரித்தாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "யோவ் மேஸ்திரி, இன்னாய்யா இது, பழனிக்குப் போயிட்டு வந்த மாரி கீற! சபைல உள்ள விடுவாங்களா?"

மேஸ்திரி முகத்தைத் துடைக்கவில்லை. திட்டவும் இல்லை. ஊதுவத்திப் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். புகை காருக்குள் போகவில்லை. காரிலிருந்து தள்ளிவிட்டது போல அவரைப் பார்த்து நேராக வந்துகொண்டிருந்தது.

"பாக்கியம், அந்த வடை பேப்பரைக் குடு."

"வடையோடயா?"

"பேப்பரை மட்டும் குடு, தாயே."

பேப்பரை வாங்கி காரின் மூக்கில், காற்று நுழைகிற ஜாலிக்கு எதிரே பிடித்தார். உள்ளே இழுக்கிற ஃபேனாக இருந்தால் பேப்பர் ஜாலியில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது அவர் கையில் எதிர்ப்பக்கமாகப் படபடத்தது. கையை விட்டார். பேப்பர் பறந்து வாசலில் பாக்கியத்தின் வலது கால் மேல் போய் விழுந்தது. வலது கால். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"சுத்துது" என்றார் மேஸ்திரி மெதுவாக. "நல்லாத்தான் சுத்துது. ராங் சைடுல சுத்துது."

முத்துக்குமார் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஒயரு மாறிட்டு மேஸ்திரி. அதை இங்க, இதை அங்க கொடுத்தா தலைகீழாச் சுத்தும். கரண்டுக்கு ரோஷமா மானமா, எந்தப் பக்கம் சொன்னாலும் சுத்தும்லா."

பெல்ட் ஃபேன் தலைகீழாகச் சுற்றவே சுற்றாது. இஞ்சின் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதுவும் அந்தப் பக்கம்தான். அதிலேயே கிடந்து பழகிய எங்களுக்கு ஃபேனைப் பற்றி ஒரே கேள்விதான் தெரியும்: சுற்றுகிறதா, இல்லையா. எந்தப் பக்கம் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை, படித்துவிட்டு வந்த முத்துக்குமாருக்கும்தான். பானெட் திறந்திருந்தபோது அது பின்னாலிருந்து நல்ல காற்றை இழுத்து ரேடியேட்டர் வழியாக முன்னால் தள்ளியது; எப்படியோ ஆறியது. பானெட்டைச் சாத்தினால் இஞ்சினின் வெக்கையையே இழுத்து ரேடியேட்டருக்கு ஊதியது. போதாததற்கு வண்டி ஊரும்போது எதிரே வருகிற காற்றோடும் மல்லுக்கு நின்றது. பானெட்டைச் சாத்தி, இஞ்சினை ஓட விட்டு, எதிரே நின்று யாராவது பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அதைத்தான் எங்கள் ஷெட்டில் செய்யக் கூடாது என்று கோடு போட்டிருந்தோமே.

"யாரு அடிச்ச ஜாயிண்டு இது?" என்று மேஸ்திரி கேட்டார்.

எல்லோரும் கூரையைப் பார்த்தோம்.

"நான்தான்" என்று அவரே சொன்னார். குனிந்து, டயரில் இருந்த ஓ.கே.யை உள்ளங்கையால் அழித்தார்.

நான் பேட்டரி கம்பியைக் கழற்றி, ஹாரன் அடித்துப் பார்த்த பிறகு முத்துக்குமார் ஒயர்களை மாற்றிக் கொடுத்தான். கம்பியை மாட்டி இஞ்சினைக் கிளப்பினோம். ஃபேன் கிளம்பியதும் மேஸ்திரி பேப்பரைக் காட்டினார். சப்பென்று போய் ஒட்டிக்கொண்டது. எத்திராஜ் அந்தப் பேப்பரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வடை எண்ணெய் இமையில் பட்டு எரிந்ததற்கும் சேர்த்து அழுதார்.

ஆனாலும் ஓ.கே. போட மேஸ்திரிக்குக் கை வரவில்லை. "ஏறுங்கடா" என்றார். விபூதி முகத்தோடு முன் சீட்டில் உட்கார்ந்தார். படப்பை மார்க்கெட்டுக்குள், வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே, வேண்டுமென்றே இரண்டு தரம் ஊர்ந்து போனோம். எத்திராஜ் ரோட்டைப் பார்த்தார், நாங்கள் மூவரும் முள்ளைப் பார்த்தோம். நான் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டேன், தக்காளிக் கூடை எங்கே என்றும் பார்த்து வைத்துக்கொண்டேன். முள் நடுவில் போய் நின்றது. நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

திரும்பி வந்து டயரில் எழுதினார். இந்தத் தடவை சின்ன எழுத்தாக.

சனிக்கிழமை எத்திராஜ் ஏர்போர்ட் போய்வந்து சொன்னார்: அந்த அதிகாரி வழியெல்லாம் கதவுப் பிடியை விடவே இல்லையாம். கம்பெனி வாசலில் இறங்கியதும் காரின் மூக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, எத்திராஜுக்குக் கை கொடுத்தாராம். ஒப்பந்தம் நிலைத்தது. சங்கிலியும் மீண்டது, கொஞ்சம் தாமதமாக.

இனி தண்டம். வெள்ளிக்கிழமை டயரில் ஓ.கே. விழுந்த கையோடு முத்துக்குமார் ஆரம்பித்தான்.

"மேஸ்திரி, சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா?"

"இருக்குடா. நான் போட்ட சட்டம். ஓடிப் போவ மாட்டேன்" என்று பர்ஸை எடுத்தார். டீ இரண்டு ரூபாய், வடை ஒன்றரை. "முத்து, கன்னியப்பன், எத்திராஜு. மூணு பேர். பத்தரை ரூவா."

"நானு?" என்றாள் பாக்கியம்.

"நீ எப்படி? டீ விக்கிறவளுக்கே டீ வாங்கிக் குடுப்பாங்களா?"

"தப்பு தெரிஞ்சப்போ நான் கூரைக்குக் கீய நின்னேனா இல்லியா?"

"வாசல்ல நின்ன."

"ஒரு கால் உள்ள இருந்திச்சி! பேப்பரு வந்து என் கால் மேலதான வியுந்திச்சி? கன்னியப்பா, சொல்லுப்பா!"

நான் வலது கால் உள்ளே இருந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே பயம்தான். மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையில், திங்கட்கிழமை எனக்கு எந்த வேலை விழும் என்று தெரிந்தது.

"காத்துல பறந்து போன பேப்பரு சாட்சி சொல்லுமா?" என்றார் மேஸ்திரி. "ரெண்டு காலும் வெளிய. பத்தரை ரூவாதான்."

பாக்கியம் தூக்கைத் திறந்தாள். எங்கள் மூவருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு தனக்கும் ஒரு டீ ஊற்றி, ஒரு வடையை எடுத்துக்கொண்டு, விபூதி முகத்தோடு வெறுங்கையாக நின்ற மேஸ்திரிக்கு எதிரே வந்து நின்று, ஊதி ஊதிச் சாப்பிட்டாள். "மேஸ்திரி கணக்குல" என்றாள்.

பிறகு ரோட்டை அகலப்படுத்தியபோது ஷெட்டும் போயிற்று, டீக்கடையும் போயிற்று. பாக்கியம் ஒரகடத்தில் கம்பெனிப் பிள்ளைகளுக்கு மெஸ் வைத்து நன்றாக இருக்கிறாள். முத்துக்குமார் ஸ்ரீபெரும்புதூரிலேயே பெண் எடுத்து, 'இன்னா' என்று பேசக் கற்றுக்கொண்டான். மேஸ்திரிக்கு முழங்கால் வலி. நானும் வேலையை விட்டாயிற்று, பயத்தை விடவில்லை.

போன தை மாதம் எத்திராஜ் மகள் கல்யாணத்தில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். மேஸ்திரி மொய்யாக ஐயாயிரத்து ஒன்று எழுதிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிர் வரிசையிலிருந்து பாக்கியம் குரல் கொடுத்தாள்.

"இன்னா மேஸ்திரி, ஊருக்கெல்லாம் மொய் வைக்கிற. என் காசு?"

"குடுக்கலாம்னுதான் பாக்கறேன். எட்டணாவை இப்ப எந்தக் கடையிலயும் வாங்க மாட்டேன்றான். எங்க போறது?"

"நாலு ரூவாயாத்தான் குடேன்!"

"அப்ப எட்டணா நீ பாக்கி தரணும். உன்னை நம்பி எப்படிக் குடுக்கறது?"

"முத்து, இந்த ஆளு பேச்சைப் பாத்தியா!"

"சட்டப்படி மேஸ்திரி சொல்லுதது சரிதான்க்கா" என்றான் முத்துக்குமார், பாயசத்தைவிட்டுத் தலை நிமிராமல்.

மேஸ்திரி என் பக்கம் குனிந்தார். "கன்னியப்பா, இப்பனாச்சும் உண்மையைச் சொல்லு. எந்தக் கால்?"

"வலது கால் மேஸ்திரி. உள்ளே."

"போடா. அன்னிக்கும் பயந்துகினே சொன்ன, இன்னிக்கும் பயந்துகினே சொல்ற. ஆனா மாத்திச் சொல்ல மாட்ற" என்று என் இலையிலிருந்த வடையை எடுத்துத் தின்றார்.

எனக்கு இதிலும் கவலைதான். மேஸ்திரிக்கு எண்பது நெருங்குகிறது, பாக்கியத்துக்கும் வயதாகிறது, எப்போது தீரும் இது? பிறகு பந்தியில் அவர்கள் போட்ட சண்டையை நினைத்துப் பார்த்தேன். தீராமலே இருக்கட்டும் என்று பட்டது. எழுதி வைத்துவிடுகிறேன், யாரும் மறக்க வேண்டாம்: ஒரு டீ, ஒரு வடை, வலது கால் உள்ளே. மேஸ்திரி அருள்தாஸ் பாக்கியத்துக்குத் தர வேண்டியது மூன்று ரூபாய் ஐம்பது காசு.